அறுபத்தொரு கம்பங்களும் வெர்லும்

வலது கையில் மூன்றே விரல்களோடு குதிரை லாடம் எறிந்து, மாவட்டத் திருவிழாவில் வரிசையாக மூன்று ஆண்டுகள் முதல் பரிசு. ஒரு வார்த்தை வாசிக்கத் தெரியாமல், கேள்விகளைக் காதால் கேட்டே வாங்கிய ஓட்டுநர் உரிமம். அதுவும் நான்காவது முயற்சியில். பதினோரு ஆண்டுகளாகத் தொடாத விஸ்கி. சனிக்கிழமைச் சந்தையில் பதினேழு பேர் போட்டியிட்டு, சீட்டுக் குலுக்கியதில் அவன் பெயருக்கு விழுந்த கூரையடி மேசை. இவ்வளவையும் வென்ற வெர்ல் கேஹார்ட், ஸ்பைஸ்வுட் ஓடைச் சாலையில் ஒரு டெலிபோன் கம்பத்தின் அடியில் நின்று, கையிலிருக்கும் செல்போனை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான்.

பத்து எண்ணும்வரை பார்ப்பான். போன் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், முகம் தெற்கே பார்க்க வேண்டும். திரும்பி நின்றால் போனில் டவர் காட்டும் கோடு மாறும் என்பது அவன் கண்டுபிடிப்பு. அந்த நேரத்தில் யாராவது வண்டியை நிறுத்தி நலம் விசாரித்தால், இடது கையை மட்டும் உயர்த்திக் காட்டுவான். எண்ணி முடித்த பிறகுதான் வாய் திறப்பான். "எண்ணும்போது பேசாதீங்கப்பா. கோடு ஓடிப்போயிடும்."

பிறகு காதில் செருகிய தச்சுப் பென்சிலை எடுப்பான். தீவனக் கடையில் இலவசமாகக் கொடுத்த நாட்காட்டியின் பின்பக்கத்தில், கம்பத்துக்கு ஒரு கட்டம் என்று அறுபத்தொரு கட்டங்கள் போட்டு வைத்திருந்தான். நெடுஞ்சாலையிலிருந்து பள்ளத்தாக்கின் கடைசி வீடுவரை அத்தனை கம்பங்கள். போனில் எத்தனை கோடு தெரிந்ததோ அத்தனை கோட்டைக் கட்டத்தில் இழுப்பான். ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒரு சுழி. அடிக்கோல் வைத்துத்தான் இழுப்பான். அவன் அக்கா ஆர்டித் அந்தத் தாளைப் பள்ளிச் சமையலறைக்குக் கொண்டுபோய், உடன் வேலை செய்கிறவர்களிடம் காட்டியிருக்கிறாள். "பாத்தீங்களா, ஒரு கோடு கோணலா இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

ஆர்டித் அவனைவிட எட்டு வயது மூத்தவள். எட்டாம் வகுப்புவரை படித்தாள். வெர்லுக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. பள்ளிக்குப் போன மூன்று குளிர்காலத்திலும் எழுத்துகள் அவன் கண்முன் ஓரிடத்தில் நிற்கவில்லை. வாத்தியார் அவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்; அவன் அதற்கும் பின்னால் போய், கதவைத் தாண்டி, மர ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டான். விரல்கள் இரண்டும் அங்கேதான் போயின. கடிதம், மருந்துச் சீட்டு, வரிக் காகிதம் எல்லாவற்றையும் ஆர்டித் வாசித்துச் சொல்வாள். பெயர் போட வேண்டிய இடத்தில் அவளே போட்டுவிடுவாள். அவள் பக்கத்தில் இல்லையென்றால் அவன் ஒரு பெருக்கல் குறி போடுவான்.

ஸ்பைஸ்வுட் ஓடை இரண்டு மலைகளுக்கு நடுவில் கத்தியால் கீறியது போன்ற பள்ளம். செல்போன் கோபுரம் மலைக்கு அந்தப் பக்கம். பேச வேண்டுமென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு மலை முகட்டுக்கு ஏற வேண்டும். சாலை வளைவில் இரும்புத் தடுப்பு இருக்கும் அந்த இடத்துக்கு அலோ மேடு என்று பெயரே விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் அங்கே ஏழெட்டு வண்டிகள் நிற்கும். எல்லாரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒஹாயோவிலும் மிச்சிகனிலும் இருக்கும் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டிலிருந்தே பேச ஆசைப்பட்டு ஒவ்வொருவரும் ஒரு வித்தை வைத்திருந்தார்கள். ஒருத்தி ஜன்னலில் அலுமினியத் தாளை ஒட்டினாள். ஒருவர் போனைக் காப்பித்தூள் டின்னின் மேல் வைத்துக் குனிந்து பேசினார். பாதிரியார் போனை பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து மூடி, இருந்த ஒரு கோட்டையும் இழந்தார். வெர்ல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து அக்காவிடம் தீர்ப்பு சொல்வான். "பாதிரியார் போன அடக்கம் பண்ணிட்டாருக்கா. ஜெபம் மட்டுந்தான் பாக்கி." சிரிப்புக்கு முன்னாலேயே அவனுக்குத் தோள் குலுங்கும். அது அவன் பழக்கம்.

சந்தை மேசையில் அவன் வைத்திருந்தது பழைய சார்ஜர், டார்ச் பேட்டரி, வண்டி ஆன்டெனா, மீன்பிடிக் கயிறு. 2004 ஆகஸ்டில் வேன் வியாபாரி ஒருவன் புதுச் சரக்கு கொண்டுவந்தான். கட்டைவிரல் நகமளவு தங்க நிற ஸ்டிக்கர். போனின் முதுகைத் திறந்து, பேட்டரிக்கு அடியில் ஒட்ட வேண்டும். அட்டையில் இருந்ததை ஆர்டித் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். ஆள் உயர ஆன்டெனாவுக்குச் சமம் என்று இருந்தது.

"நெசமாவா போட்டிருக்கு?"

"அச்சுல இருக்குடா. நானா எழுதினேன்?"

அச்சில் இருப்பது பொய்யாக இருக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. ஆனால் வெர்ல் ஒப்புக்கொள்ளவில்லை. "நடந்து பாக்காத சரக்க என் மேசையில வெக்க மாட்டேன்."

முதலில் ஸ்டிக்கர் இல்லாமல் நடந்தான். ஆகஸ்ட் கடைசி வாரம், மூன்று மைல், வியர்வை ஒழுக ஒழுக. அறுபத்தொரு கட்டங்களில் நாற்பத்து நான்கு சுழிகள். அடுத்த வாரம் ஸ்டிக்கரோடு நடப்பதாக இருந்தவன், கோழிக்கூண்டுக் கூரையிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டான். கட்டுப் பிரித்து அவன் மறுபடி சாலையில் இறங்கியபோது டிசம்பர் வந்துவிட்டது. கம்பம் கம்பமாக நின்று எண்ணினான். சுழிகள் பத்தொன்பதாகக் குறைந்திருந்தன. ஒன்றுமே காட்டாத கம்பங்களில் ஒரு கோடு, ஒன்று இருந்த இடத்தில் இரண்டு, மூன்று. கடைசிக் கம்பத்திலிருந்து அவன் நொண்டிக்கொண்டே ஓடிவந்தான்.

"ஏறிடுச்சுக்கா! அட்டையில இருக்கிறது நெசந்தான்!"

அந்தக் குளிர்காலத்தில் வெர்லின் மேசையைச் சுற்றி எப்போதும் கூட்டம். "வாங்கம்மா, வாங்க! ஊதாமலே பறக்கிற சரக்கு! நடந்து பாத்து விக்கிறேன், படிச்சுப் பாத்து இல்ல!" தன்னால் படிக்க முடியாததையே கூவி விற்பதில் அவனுக்கு ஒரு தெனாவெட்டு இருந்தது. நாட்காட்டித் தாளை மேசைக்கு மேலே கிளிப் போட்டுத் தொங்கவிட்டான். பள்ளத்தாக்கில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் ஸ்டிக்கர் போயிற்று.

ஜனவரியில் டெல்மர் ஸ்டிடம் என்பவர் மேசைக்கு வந்தார். முப்பத்தொரு ஆண்டுகள் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். நுரையீரலில் கரித்தூள் படிந்து, வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே வரும்போது தோளில் ஒரு சின்ன சிலிண்டர். கூடவே அவர் மனைவி ஓமா. அவர்கள் வீடு ஐம்பத்து நான்காவது கம்பத்தடியில்.

"ஏன்டா வெர்லு," என்றார் டெல்மர், இரண்டு மூச்சுக்கு ஒரு வார்த்தையாக. "எனக்கும் என் போனுக்கும் ஒரே வியாதி. ஒரு கோட்டுக்கு மேல ஏறாது. இத ஒட்டினா யாருக்குச் சரியாவும்?"

"போனுக்கு மட்டுந்தான் மாமா கியாரண்டி."

ஓமா சிரிக்கவில்லை. அவர் நாட்காட்டித் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐம்பத்து நாலுல ரெண்டு கோடு போட்டிருக்கியே. எங்க அடுப்படி ஜன்னல்ல நிச்சயமா எடுக்குமா? வீட்டு போனுக்கும் செல்லுக்கும் ரெண்டு பில்லு கட்ட முடியலடா. ஒண்ண எடுத்துடலாம்னு இவரு சொல்றாரு."

"நான் நின்னு பாத்த எடம் அத்தே. ரெண்டு கோடு."

"அப்ப வீட்டு போன எடுத்துடலாமா?"

"எடுத்துடுங்க," என்றான் வெர்ல்.

அந்த மாதமே அவர்கள் வீட்டு டெலிபோனைத் துண்டித்தார்கள். ஏப்ரல் வரை அடுப்படி ஜன்னலில் நின்று ஓமா ஒஹாயோவில் இருக்கும் மகளோடு பேசினார். வழியில் வெர்லைப் பார்த்தபோதெல்லாம் அவன் கையில் எதையாவது திணித்தார். ஒருமுறை ஆப்பிள் ஊறுகாய், ஒருமுறை சோளரொட்டி.

2005 மே மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வெர்ல் புதிதாக வந்த வேறொரு ஆன்டெனாவை அளந்து பார்க்கச் சாலையில் இறங்கினான். ஒப்பிட்டுப் பார்க்க முதலில் பழைய ஸ்டிக்கரோடு நடந்தான். இருபத்து மூன்றாவது கம்பத்தில் சுழி. டிசம்பரில் அங்கே இரண்டு கோடு. ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பார்த்தான். சுழி. புதிதாக ஒன்றை ஒட்டினான். அதே சுழி. போனைத் தட்டினான், துடைத்தான், பேட்டரியைக் கழற்றி மாட்டினான். பிறகு தலையைத் தூக்கி மலையைப் பார்த்தான். டிசம்பரில் அந்தச் சரிவில் மரங்களுக்கு நடுவே வானம் தெரிந்தது. இப்போது ஓர் அங்குல இடைவெளி இல்லாமல் இலை. மழையில் நனைந்த, கெட்டியான, புத்தம் புது இலை.

அவன் ஆகஸ்டில் ஸ்டிக்கர் இல்லாமல் நடந்தான். டிசம்பரில் ஸ்டிக்கரோடு நடந்தான். நடுவில் காடு இலையை உதிர்த்ததை அவன் கணக்கில் வைக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு ஆர்டித் பீன்ஸ் வேகவைத்திருந்தாள். அவன் தட்டைத் தொடவில்லை.

"ஸ்டிக்கரு ஒண்ணும் பண்ணலக்கா. எல போனதாலதான் டவர் வந்துருக்கு. இப்ப எல வந்துடுச்சு, டவர் போயிடுச்சு."

"ஒரு தடவ பாத்துட்டு எப்படிச் சொல்ற?"

"எனக்குத் தெரியுது."

"தெரியுதுன்னு சொல்லாத. எல்லாக் கம்பத்துலயும் ஒட்டியும் பாரு, ஒட்டாமயும் பாரு. சரியாத் தெரியாம ஊரக் கலைக்கக் கூடாது."

அதைச் சொன்னவள் ஆர்டித். எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் பழக்கத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான்.

அவன் அக்கா சொல்லைத் தட்டவில்லை. கம்பத்துக்கு மூன்று தடவை ஒட்டி, மூன்று தடவை ஒட்டாமல். இடையில் இரண்டு நாள் மழை. ஒன்பதாம் நாள், மே பன்னிரண்டு, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவன் நாற்பதாவது கம்பத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். ஓமாவின் வண்டி தூசியைக் கிளப்பிக்கொண்டு அவனைக் கடந்து போயிற்று. ஹாரன் விடாமல் அடித்தது. அவன் எண்ணிக்கையை விடாமல், வழக்கம்போல இடது கையை உயர்த்திக் காட்டினான்.

டெல்மருக்கு மூச்சு திணறியதும் ஓமா முதலில் அடுப்படி ஜன்னலுக்குத்தான் ஓடியிருக்கிறார். பிறகு வாசலுக்கு, பிறகு கோழிக்கூண்டு மேட்டுக்கு. எங்கும் ஒரு கோடும் இல்லை. கணவரை நாற்காலியில் உட்கார்ந்தபடி விட்டுவிட்டு அலோ மேட்டுக்கு வண்டியை விரட்டினார். பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது டெல்மர் அதே நாற்காலியில்தான் இருந்தார், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வர இன்னும் அரைமணி நேரம் ஆயிற்று. உடனே பேசியிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று தெரியாது என்றார் டாக்டர். நுரையீரல் அவ்வளவுதான் என்றார். வெர்லைப் பார்த்து எல்லாரும் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவன் தலையாட்டுவான்.

அடுத்த சனிக்கிழமை சந்தைக்குப் போனான். ஸ்டிக்கர் பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, வாங்கிப்போன ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னான். நம்பத்தான் ஆளில்லை.

"எங்க வீட்ல நல்லா எடுக்குதே!" என்றான் பால்பண்ணைக்காரன் ஒருவன். "என் மச்சினன் அதுல அரைமணி நேரம் பேசினான்."

"எப்ப பேசினான்?"

"பிப்ரவரி இருக்கும்."

"மரத்துல எல இருந்துச்சா?"

"உனக்கு என்னய்யா ஆச்சு? போனப் பத்திக் கேட்டா எலயப் பத்திக் கேக்குற. மறுபடி குடிக்க ஆரம்பிச்சிட்டியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு இலைக்காரன் என்று பெயர் விழுந்தது. "என்ன இலைக்காரரே, இன்னிக்கு டவர் காய்ச்சிருக்கா, பூத்திருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மேசையில் மீன்பிடிக் கயிறும் பேட்டரியும் மட்டும் இருந்தன. தோள் குலுங்குவது நின்றுவிட்டது. அந்தக் கோடை முழுவதும் அவன் அலோ மேட்டுப் பக்கம் போகவே இல்லை. சந்தைக்கு ஏழு மைல் சுற்றிப் போனான்.

ஓமா வீட்டு டெலிபோனைத் திரும்பக் கேட்டு எழுதிப் போட்டார். இலை எல்லாம் கொட்டிய பிறகு, நவம்பரில், கம்பெனியிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். நல்ல பையன், காலணியை வாசலில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். அடுப்படி ஜன்னலில் தன் போனைப் பிடித்துப் பார்த்தான்.

"ரெண்டு கோடு காட்டுதேம்மா. இங்க செல்போன் எடுக்குது. பழைய கம்பிய மறுபடி இழுக்கணும்னா மேல ஒத்துக்க மாட்டாங்க."

"மே மாசம் வந்து பாரு தம்பி," என்றார் ஓமா.

அவன் காகிதத்தில் இரண்டு என்று எழுதிக்கொண்டு போனான். இப்படிப் போனால் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் வீட்டு டெலிபோன்களும் ஒவ்வொன்றாகப் போகும் என்று பேச்சு வந்தது. மாநில ஆணையத்தில் முறையிடலாம், ஆனால் வாய்ப்பேச்சு செல்லாது, அளந்து பார்த்தவர் எவராவது எழுத்தில் தர வேண்டும் என்றார்கள். இலை இருக்கும்போதும் இல்லாதபோதும், ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று அளந்த ஆள் அந்த மாவட்டத்திலேயே ஒருவன்தான்.

டிசம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, மதியம், ஓமா ஆர்டித்தின் வீட்டுக்கு வந்தார். டெல்மரின் இறுதிச் சடங்குக்குப் பிறகு அவர் அந்தப் படியேறியது அன்றுதான். வெர்ல் எழுந்து நின்றான். தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினான்.

"உன்னத் திட்ட வரலடா," என்றார் ஓமா. "திட்டணும்னா மே மாசமே வந்திருப்பேன். உன் தாளு வேணும். குளிர்காலத்துல அந்த வீட்டுல தனியா இருக்கேன். எனக்கு என் கம்பி வேணும்."

வெர்ல் மூன்று நாட்காட்டித் தாள்களையும் கொண்டுவந்து மேசையில் விரித்தான். ஆகஸ்ட், டிசம்பர், மே. ஆர்டித் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெள்ளைத் தாள் எடுத்தாள். அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். எந்த நாள், எந்தக் கம்பம், எத்தனை கோடு. இலை இருந்ததா, இல்லையா. ஒரு பக்கம் நிறைந்து இரண்டாம் பக்கம் வந்தது.

"அடுத்தது எழுதுக்கா. டிசம்பர்ல நான் நடந்தது ஸ்டிக்கரு ஒட்டின போனோட. அத வித்தவன் நான். ஏறினது எல போனதால, ஸ்டிக்கரால இல்ல. அது தெரியாம ஊருக்கே வித்தேன்."

ஆர்டித் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டாள். "அது எதுக்குடா? கம்பத்துக் கணக்கு போதும். அவங்க கேக்காதத நாம எதுக்குச் சொல்லணும்?"

"ஏன் திரும்பத் திரும்ப நடந்தேன்னு கேப்பாங்கல்ல?"

"கேட்டா அப்பச் சொல்லிக்கலாம்."

"அக்கா. எழுது."

ஆர்டித் ஓமாவைப் பார்த்தாள். ஓமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "டெல்மர் ஸ்டிடமுக்கு எடுக்கும்னு சொன்னேன்," என்றான் வெர்ல். "அவங்க கேட்டாங்க, எடுத்துடுங்கன்னு சொன்னேன். மே மூணாம் தேதியே எனக்குத் தெரியும். பன்னெண்டாம் தேதிவரைக்கும் சொல்லல. அதையும் எழுது."

"நான்தான்டா உன்ன இன்னொரு தடவ பாக்கச் சொன்னேன்."

"நடந்தது நான்."

ஆர்டித் எழுதினாள். அவளுடைய கையெழுத்து எப்போதும் குண்டு குண்டாக, வரி தப்பாமல் இருக்கும். அந்த நான்கு வரிகள் மட்டும் கீழ்நோக்கிச் சரிந்தன. எழுதி முடித்து ஒருமுறை உரக்க வாசித்தாள். வெர்ல் ஓரிடத்தில் நிறுத்தி, முப்பத்தெட்டாவது கம்பத்தில் ஒன்று இல்லை, சுழி என்று திருத்தினான். பிறகு அவள் வழக்கம்போல அவன் பெயரைப் போடுவதற்காகப் பேனாவைத் தாளின் அடிக்குக் கொண்டுபோனாள்.

அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டான்.

"வேற தாள்ல என் பேர எழுதிக் காட்டு. பெருசா எழுது."

அவள் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினாள். அவன் அதை அறிக்கையின் அருகில் வைத்து, விளிம்புகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தான். மூன்று விரல்களுக்கு நடுவே பேனா நிற்கவில்லை. இரண்டு முறை விழுந்தது. ஓமா எழுந்து வந்து தாள் நகராமல் அதன் மூலையை விரலால் அழுத்திக்கொண்டார். முதல் எழுத்து தாளைக் கீறியது. ஒவ்வொரு எழுத்துக்கும் அவன் துண்டுத் தாளைப் பார்த்து, அறிக்கையைப் பார்த்து, மறுபடி துண்டுத் தாளைப் பார்த்தான். நெற்றியில் வியர்வை நின்றது. ஆங்கிலத்தில் மொத்தம் பன்னிரண்டு எழுத்துகள். அடுப்பில் வைத்த காப்பி கொதித்துப் பொங்கி வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி எழுத்தின் குறுக்குக் கோட்டை அவன் இழுத்து முடித்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ஆர்டித் பேனாவை வாங்கி, தம்பியின் பெயருக்குக் கீழே தேதியைக் குறித்தாள்: 2005, டிசம்பர் 6.